எங்கள் வார்டுக்கு எது முதலில்? புளியங்கொட்டை வைத்துக் கேட்ட கதை, செய்முறையோடு

முதன்முதலாக ஏரியா சபைக்கு, அதாவது வார்டின் ஒரு பகுதிக்காரர்கள் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு, போனபோது எங்கள் பகுதிக்காரர்கள் கொண்டுபோன தாளில் 43 கோரிக்கைகள் இருந்தன. உட்கார்ந்து எண்ணியவன் நான்தான். நாலாவது, "பேருந்து வசதியை மேம்படுத்த வேண்டும்." பதினேழாவது, "சைக்கிளுக்குத் தனிப்பாதை அமைக்க வேண்டும்." முப்பத்தொன்றாவது, "மேற்படி நான்காவது கோரிக்கையை உடனே நிறைவேற்ற வேண்டும்." வாசித்து முடிப்பதற்குள் வாசித்தவருக்கு மூச்சு வாங்கியது. எதிரே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். டீ வந்தது, மசால்வடை வந்தது, தாள் ஃபைலுக்குள் போனது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. 1989-ல் சென்னையின் பல்லவன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராகச் சேர்ந்தவன் நான். 1994-ல் வடசென்னைக்கு மட்டும் அம்பேத்கர் போக்குவரத்துக் கழகம் என்று பிரித்தார்கள், 2001-ல் மறுபடி ஒன்றாக்கினார்கள். சட்டையும் பேட்ஜும் மாறிக்கொண்டிருந்ததே தவிர வேலை அதேதான். கடைசிப் பதினெட்டு வருடம் டைம் கீப்பர். 2024-ல் ஓய்வு. வண்டி வந்த நேரம், போன நேரம், ஏன் லேட், இதை எழுதியே பேனா தேய்ந்தவன். "வசதியை மேம்படுத்த வேண்டும்" என்று ஒரு மனு வந்தால் எந்த அதிகாரியாலும் அதை மறுக்க முடியாது. ஆனால் எதைச் செய்வது என்றும் தெரியாது. அதனால் "ஆவன செய்யப்படும்" என்று எழுதுவார்கள். அதற்கு மேல் எழுத அதில் ஒன்றும் இல்லை.

ஒரு கோரிக்கைக்கு மூன்று விஷயம் வேண்டும்: எந்த இடம், எந்த நேரம், யார் கையில் இருக்கிற வேலை. இந்த மூன்றும் இல்லாதது கோரிக்கை இல்லை, புலம்பல். புலம்பலைத் திண்ணையில் வைத்துக்கொள்ளலாம், மனுவில் வேண்டாம். கீழே சொல்வது பெரம்பூர்ப் பக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்துபார்த்த முறை. சென்னைக்காரர்களுக்காக எழுதுகிறேன். மற்ற ஊரில் அலுவலகத்தின் பெயர் மாறும், வழி மாறாது.

கூட்டம் போட்டுக் கேட்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்தில் கூட்டம் போட்டால் யார் வருவார்கள்? என்னைப் போல ரிட்டயர்டு ஆம்பளைகள். எங்கள் கவலையெல்லாம் வீட்டு வாசலில் எவன் காரை நிறுத்தினான் என்பதுதான். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடிக்கிற அம்மாவுக்கு அந்த நேரத்தில் அடுப்பு வேலை. கேன் தண்ணீர் போடுகிற தம்பிக்கு ஞாயிறும் வேலை நாள்தான். பிளஸ் ஒன் படிக்கிற பெண்ணைக் கூட்டத்துக்குக் கூப்பிடவே மாட்டோம். பஸ்ஸிலும் சைக்கிளிலும் போகிறவர்கள் ஒருவரும் இல்லாமல் பஸ்ஸைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் தீர்மானம் போடுவோம்.

அவர்கள் நிற்கிற இடத்துக்கு நாம் போக வேண்டும். நாங்கள் நாலு இடம் வைத்துக்கொண்டோம். காலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை பஸ் ஸ்டாப். சாமான் போடுகிற நாளில் ரேஷன் கடை வரிசை. பள்ளி விடுகிற நேரத்தில் கேட். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மறுபடி அதே பஸ் ஸ்டாப், ஆனால் எதிர்ப்பக்கம். இந்தக் கடைசி இடத்தை எல்லோரும் விட்டுவிடுவார்கள். காலையில் ஏறுகிற ஸ்டாப் வேறு, ராத்திரி இறங்குகிற ஸ்டாப் வேறு. அங்கே விளக்கு எரிகிறதா, நாய் நிற்கிறதா, டாஸ்மாக் கூட்டம் வழிந்து நிற்கிறதா என்பது இறங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

கேட்கிற கேள்வியும் முக்கியம். "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் மேம்பாலம், மெட்ரோ, ஏ.சி. பஸ் என்று தொடங்குவார்கள். தேர்தலில் கேட்டுப் பழகிய கேள்வி, அதற்குத் தேர்தல் பதில்தான் வரும். "நேத்து எங்க லேட் ஆச்சு? எங்க பயந்தீங்க?" என்று கேளுங்கள். அப்போது பதிலே வேறு மாதிரி இருக்கும்.

அண்ணா நகரில் இரண்டு வீட்டில் வேலை செய்கிற அக்கா ஒருவர் சொன்னது: "பஸ்ஸெல்லாம் வருது சார். எனக்கு ஏறத்தான் முடியல."

எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவர் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஸ்டாப்புக்கு முன்னால் மூன்று ஷேர் ஆட்டோ, ஒரு மீன்பாடி வண்டி. பஸ் ஓரத்துக்கு வர இடமில்லாமல் நடுரோட்டில் நின்றது. அக்கா பிளாட்பாரத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, இரண்டு ஆட்டோவுக்கு நடுவில் நுழைந்து, தரையிலிருந்து முதல் படிக்குக் காலைத் தூக்க வேண்டும். முட்டிவலிக்காரருக்கு அது படியில்லை, சுவர். அதே பஸ் பிளாட்பாரத்தை ஒட்டி நின்றிருந்தால் அந்த உயரத்தில் பாதி குறைந்திருக்கும். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸிலேயே குடும்பம் நடத்திய எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. நான் எப்போதும் உள்ளே இருந்தவன்.

ஆக அவர் கேட்டது இன்னொரு பஸ் இல்லை. ஸ்டாப்புக்கு முன்னால் காலி இடம். வண்டியின் நீளமே 12 மீட்டர். மூக்கை உள்ளே விட்டு வாலையும் ஒட்ட நிறுத்த முன்னும் பின்னும் சேர்த்து முப்பது மீட்டராவது வேண்டும் என்பார்கள் எங்கள் டிரைவர்கள். 2024-லிருந்து தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. 2025 ஜூன் 30-ல் இங்கே பக்கத்தில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கிவைத்தார்கள், அவையும் தாழ்தளம்தான். நல்ல வண்டி. ஆனால் ஓரத்தில் நிற்க இடம் இல்லையென்றால் தாழ்தளத்தின் பலன் பாதி போச்சு.

மூன்று கொட்டை, ஐந்து டப்பா

கேட்டது சேரச் சேர நோட்டு நிறைந்துவிடும். அதில் எது முதலில் என்று யார் முடிவு செய்வது? சத்தமாகப் பேசுகிறவர் செய்யக் கூடாது. நாங்கள் செய்தது இதுதான்: அதிகம் பேர் சொன்ன ஐந்தை மட்டும் எடுத்து, ஐந்து காலி பிஸ்கட் டப்பாவில் படம் வரைந்து ஒட்டினோம். பஸ், விளக்கு, சைக்கிள், ரோட்டுப் பள்ளம், ரோடு கடக்கிற ஆள். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் மூன்று கொட்டை. மூன்றையும் ஒரே டப்பாவில் போடலாம், பிரித்தும் போடலாம். பெண்களுக்குப் புளியங்கொட்டை, ஆண்களுக்கு மொச்சை. (மொச்சையைப் பச்சையாகவே வாயில் போட்டுக்கொண்டு போன இரண்டு பொடியன்களின் வாக்கு செல்லாது.)

கொட்டையைப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. மொத்தமாக எண்ணியிருந்தால் ரோட்டுப் பள்ளம்தான் முதலிடம். பிரித்து எண்ணியபோது புளியங்கொட்டையெல்லாம் பஸ் டப்பாவிலும் விளக்கு டப்பாவிலும் குவிந்து கிடந்தது. ஆண்கள் பைக்கில் போகிறார்கள், பள்ளம் இடிக்கிறது. பெண்கள் நடந்து போய் பஸ் ஏறுகிறார்கள். ஒரே தெருவில் இரண்டு ஊர்.

ஐந்துக்கு மேல் போகாதீர்கள். ஆறாவது நல்ல கோரிக்கைதான், அடுத்த சபைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்: "கூடுதல் பேருந்து" என்று எழுதாதீர்கள்

இது என் தொழில், கொஞ்சம் நீட்டுவேன்.

கூடுதலாக ஒரு பஸ் என்றால் ஒரு வண்டி, இரண்டு ஷிஃப்டுக்கு இரண்டு டிரைவர், இரண்டு கண்டக்டர், அதற்கு மேல் வார விடுப்புக்கு மாற்று ஆள். ஒரு பணிமனையின் கிளை மேலாளர் நினைத்தால் மட்டும் அது நடக்காது. ஆனால் இருக்கிற வண்டியின் ஒரு சிங்கிளை, அதாவது ஒரு பக்கப் பயணத்தை, பத்து நிமிடம் முன்னே பின்னே தள்ளுவது அப்படிப்பட்ட வேலை இல்லை. ஆகவே எத்தனை பஸ் என்பதை விட்டுவிட்டு, எந்த நேரத்தில் ஓட்டை என்று பாருங்கள்.

ஸ்டாப்பில் ஒரு வாரம், வேலை நாளாகப் பார்த்து மூன்று காலை, ஒரு நோட்டோடு நில்லுங்கள். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது: 6.05 வெள்ளைப் போர்டு, 11 பேர் ஏறினார்கள். 6.12 டீலக்ஸ், 3 பேர். 6.14 வெள்ளைப் போர்டு, 2 பேர். 6.33 டீலக்ஸ், 5 பேர். 6.51 வெள்ளைப் போர்டு, பிதுங்கி வந்தது, 9 பேர் ஏற முடியாமல் நின்றுவிட்டார்கள்.

டீலக்ஸைத் தனியாக எழுதியதைக் கவனியுங்கள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மட்டும்தான், அதாவது வெள்ளைப் போர்டு, இப்போது முகப்பில் பிங்க் பெயிண்ட் அடித்த வண்டி. வீட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்கு 6.33 டீலக்ஸ் வந்தும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான். அவர் கணக்கில் 6.14-க்கு அப்புறம் 6.51. முப்பத்தேழு நிமிட ஓட்டை. "அரை மணிக்குள் மூணு பஸ் போகுதே" என்று ஒருவர் வாதம் செய்தால் இந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

6.05, 6.14 என்று வெள்ளைப் போர்டு ஒன்றன் வாலில் ஒன்றாக வருவதற்கும் காரணம் உண்டு, அதை டிரைவர் தலையில் போட வேண்டாம். முன்னால் போகிற வண்டி இரண்டு நிமிடம் லேட்டானால் அடுத்த ஸ்டாப்பில் ஆள் கூடுவார்கள், அவர்களை ஏற்ற நேரம் ஆகும், இன்னும் லேட். பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இருக்காது, சும்மா ஓடிவந்து முன்னது முதுகில் ஒட்டிக்கொள்ளும். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்குத் தடுப்பு வைத்து ரோடு சுருங்கிய பிறகு இது கூடத்தான் செய்யும். புறப்படுகிற இடத்தில் சரியாக விட்டாலும் நடுவில் ஒட்டிக்கொள்கிறது.

ஆக எங்கள் மனு இப்படிப் போனது: "காலை 6.15-லிருந்து 6.50 வரை இந்த ஸ்டாப்பில் சாதாரணக் கட்டணப் பேருந்து இல்லை. மூன்று நாள் குறிப்பு இணைப்பில். 6.05, 6.14 ஆகிய இரண்டில் ஒன்றை 6.30-க்கு மாற்றித் தர வேண்டுகிறோம்." கூடுதல் பஸ் வரவில்லை. நேரம் மாறியது. கேட்டதும் அதைத்தானே.

சைக்கிள்: ரெண்டு சாதி சைக்கிள் உண்டு

விடியற்காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஈ.சி.ஆர். பக்கம் போகிற சைக்கிள் ஒன்று. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, என் தம்பி மகனும் போகிறான். ஆனால் வார்டு மனுவில் வர வேண்டியது இன்னொரு சைக்கிள்: பேப்பர், பால், டீ கேன், கட்டட வேலைக்குப் போகிறவர் கேரியரில் கட்டிய கரண்டியும் தூக்குச்சட்டியும், அப்புறம் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற விலையில்லா மிதிவண்டியில் போகிற பிள்ளைகள். நானும் இன்றைக்கும் அந்த வகைதான், மார்க்கெட்டுக்கு.

"தனிப்பாதை வேண்டும்" என்று எங்கள் தெருவில் கேட்டால் சிரிப்பார்கள், இருபது அடித் தெருவில் எங்கே போடுவது? அதனால் நாங்கள் சைக்கிளில் ஏறி, பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியிலேயே மெதுவாகப் போய், எங்கெல்லாம் இறங்க வேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். இரண்டு கிலோமீட்டரில் ஒன்பது வட்டம். அதில் நாலு, மழைநீர் உள்ளே போகிற இரும்புக் கம்பிச் சட்டம்.

குனிந்து பார்த்தால் விஷயம் இதுதான். சட்டத்தின் கம்பிகள் ரோடு போகிற திசையிலேயே நீளமாகப் படுத்திருக்கின்றன. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் என் இரண்டு விரல் போகிற சந்து. சைக்கிள் டயர் சரியாக அதற்குள் இறங்கும். மழையில் தண்ணீர் மூடியிருந்தால் பார்க்கவும் முடியாது. அந்தச் சட்டத்தைக் கழற்றிக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் கம்பிகள் ரோட்டுக்குக் குறுக்கே வந்துவிடும், டயர் மேலே ஓடிவிடும், தண்ணீர் வழக்கம்போல் இறங்கும். சதுரச் சட்டமாக இருந்தால் செலவே இல்லை, இரண்டு ஆள், ஒரு கடப்பாரை. எங்களுடைய நாலில் மூன்று சதுரம். நாலாவது நீளச் சட்டம், குறுக்கே பட்டை வெல்டிங் வைக்கச் சொன்னோம். எத்தனையோ கோடித் திட்டம் பற்றிப் பேசுகிறோம், ஊர் முழுக்க இந்தச் சட்டங்களைத் திருப்பிப் போட்டாலே எத்தனை பிள்ளைகளின் முழங்கை தப்பும்.

மீதி வட்டங்களில் இரண்டு, ரோட்டு மட்டத்திலிருந்து உள்வாங்கிப்போன மேன்ஹோல் மூடி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் மூடி பள்ளமாகும், வீட்டு வாசல்படி கிணறாகும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் இறையன்பு இருந்தபோது உத்தரவே போட்டார்கள். ரோடு போட வருகிற அன்றைக்குக் காலையில் போய் இதை நினைவூட்டுங்கள், போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

இங்கே நாங்கள் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி முனையில் பைக்குகள் பறக்கின்றன என்று கேட்டுக் கேட்டுச் சலித்து, ஒரு ராத்திரி நாங்களே சிமெண்டைக் குழைத்து ஸ்பீடு பிரேக்கர் போட்டுவிட்டோம். காசு வசூலித்தவன் நான். இரண்டாம் நாள் விடியற்காலை பால் போடுகிற பெரியவர் அதில் விழுந்தார். இருட்டு, வெள்ளைக்கோடு கிடையாது, குட்டிச் சுவர் மாதிரி செங்குத்தாக நின்றது. பால் தெருவெல்லாம் ஓடியது. அவர் எங்களைத் திட்டவில்லை, "யாரு சார் இதப் போட்டது?" என்று என்னிடமே கேட்டார். அன்றைக்கே உடைத்து எடுத்தோம். முறையான வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவே வைத்திருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவாக. நாங்கள் போட்டது ஒரு முழ அகலம். மாநகராட்சியும் போக்குவரத்துக் காவலும் ஒப்புக்கொள்ளாமல் யாரும் ரோட்டில் எதையும் கட்டக் கூடாது என்பதைப் பெரியவரின் முட்டியில் படித்தேன்.

டேப் எடுத்துப் போங்கள்

நடக்கிறவர்களுக்கு வாதாட இரண்டு எண் போதும். பிளாட்பாரத்தில் தடையில்லாமல் 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஆறடி, காலியாக இருக்க வேண்டும்; ஓரக்கல் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டும் அதே சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 103 என்கிற 2012 நெறிமுறையில் இருக்கின்றன. டேப்பைப் பிடித்து ஃபோட்டோ எடுங்கள். மின்வாரியப் பில்லர் பாக்ஸுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் டேப் 40 சென்டிமீட்டர் காட்டினால் அதற்கு மேல் வாக்கியம் எழுதத் தேவையில்லை.

ரோடு கடக்கிற சிக்னலுக்கு ஒரு கணக்கு. நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று வைத்துத்தான் நேரம் போடுவது வழக்கம். 18 மீட்டர் ரோட்டுக்கு 15 நொடி. ஆனால் கையில் பையோடு வருகிற எங்கள் தெரு ஆயாவை நான் ஃபோனில் நேரம் பார்த்தேன், 23 நொடி. உங்கள் சிக்னலில் பச்சை எத்தனை நொடி, உங்கள் ஆயாவுக்கு எத்தனை நொடி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

2014-லேயே சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கு ஒதுக்குகிற பணத்தில் 60 சதவீதமாவது நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. மனுவின் முதல் வரியில் அதைக் குறிப்பிட்டால், நாம் தயவு கேட்கவில்லை, சொன்னதைக் கேட்கிறோம் என்பது தெரியும்.

நடைபாதைக் கடைகளை எடுக்கச் சொல்லி மட்டும் எழுதாதீர்கள். சங்கத்தில் என்னோடு இதில் ஒத்துப்போகாதவர்கள் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு இறங்குகிற பெண்ணுக்கு அந்த இட்லிக் கடை அக்காவின் பல்புதான் துணை. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவருக்கும் இடம் உண்டு என்கிறது. கடையை நாலடி தள்ளிவைத்தால் வழி கிடைக்குமா என்று அவரிடமே கேளுங்கள். எங்கள் அக்கா அன்றைக்கே தள்ளிவைத்தார், மனுவே தேவைப்படவில்லை.

யார் கையில்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் நாலு மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். ஐந்தாவது மாதம்தான் "இது எங்களுது இல்லீங்க" என்றார்கள். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது நான்.

ரோடு மூன்று வகை. பஸ் போகிற ரோடு மாநகராட்சியின் பேருந்து தட சாலைகள் துறை. உள்தெரு உங்கள் மண்டல அலுவலகம், வார்டு உதவிப் பொறியாளர். சில பெரிய ரோடுகள் மாநில நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தம், அங்கே மாநகராட்சியால் ஒன்றும் செய்ய முடியாது. வட்டமான கனத்த மூடி பெரும்பாலும் கழிவுநீர், அது குடிநீர் வாரியம். ஓரமாகப் போகிற நீளப் பலகை மூடி மழைநீர் வடிகால், அது மாநகராட்சி. மூடி வட்டமா நீளமா என்று பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஒரு நடை மிச்சம். தெருவிளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருக்கும், அந்த எண் இல்லாமல் விளக்குப் புகார் கொடுக்காதீர்கள்.

பஸ் ஸ்டாப் ஒன்றுக்கு மூன்று சொந்தக்காரர். நிழற்குடை மாநகராட்சி, நிற்கிற வண்டி மாநகரப் போக்குவரத்துக் கழகம், எங்கே நிற்கலாம் எங்கே ஆட்டோ நிற்கக் கூடாது என்பது போக்குவரத்துக் காவல். ஸ்டாப்பைப் பத்தடி நகர்த்த மூன்று பேரும் தலையசைக்க வேண்டும். ஆகவே ஒரே மனுவை மூன்று பிரதி எடுத்து, ஒவ்வொன்றிலும் "நகல்" என்று மற்ற இருவர் பெயரையும் போடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். நகல் போட்டிருந்தால் அதே கையால் ஃபோனை எடுக்கிறார்கள்.

எப்போது, எங்கே

வார்டுக் குழு, ஏரியா சபை விதிகள் 2022-ல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் தமிழ்நாடு முழுக்க நகரங்களில் ஏரியா சபை கூடியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். உங்கள் பகுதிக்கு எங்கே, எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே பல்பு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை என்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள். அதற்கு மாநகராட்சியின் 1913 ஃபோன் எண் இருக்கிறது, புகார் எண்ணும் உடனே வரும். சபைக்கு உங்கள் ஐந்து மட்டும். பேசி முடித்ததும் தீர்மானத்தில் ஏறியதா என்று எழுதுகிறவர் பக்கத்தில் நின்று பாருங்கள். வாயால் சொன்னது காற்றோடு.

மாதத்தையும் பாருங்கள். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். பணம் தேவைப்படுகிற கோரிக்கை நவம்பர், டிசம்பருக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அதற்குள் நுழையும். மழைக்காலத்தில் ரோடு வெட்டத் தடை இருக்கும், அப்போது வடிகால் வேலை கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று ஃபோட்டோ எடுக்க அதைவிட நல்ல காலம் கிடையாது, ஜனவரியில் நீட்டலாம். பள்ளி வாசல் வெள்ளைக்கோடு மே மாதத்தில். தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் புது வேலை எதுவும் நகராது, சும்மா இருங்கள்.

எங்கே கொடுத்தாலும் ஒப்புகை வாங்குங்கள். நகலில் சீல், தேதி, கையெழுத்து. கொடுக்கத் தயங்கினால் ஸ்பீடு போஸ்ட். அறுபது நாள் ஆகியும் அசைவு இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில் தர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், ஏன் என்பது தகவல் இல்லை என்று திருப்பிவிடலாம். "இந்த மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் கோப்பு நகல்" என்று கேளுங்கள். வேலை முடிந்ததாகச் சொன்னால் அளவுப் புத்தகத்தின் நகல், அவர்கள் பேச்சில் எம்-புக். எத்தனை மீட்டர் போட்டோம் என்று அதில் எழுதியே ஆக வேண்டும், நம்மிடம்தான் டேப் இருக்கிறதே.

எங்கள் ஐந்தில் பஸ் நேரமும் மூன்று கம்பிச் சட்டமும் முடிந்தன. ஸ்டாப்புக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் ஒரு வாரம் மதித்தார்கள், இப்போது கோட்டின் மேலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கும் நிற்க இடம் வேண்டும், அதை நாங்கள் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்த சபைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

போகும்போது பேனா இரண்டு எடுத்துப் போங்கள். ஒன்றைக் கையெழுத்துப் போட வாங்குகிறவர் திருப்பித் தர மாட்டார்.